துண்டுக்குள் ஒரு விரல்

ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு. திட்டின் மேல் ஒரு மடம். மதியத்தில் யார் பசியோடு வந்தாலும் அங்கே இலை போடுவார்கள். வந்து சேரப் பரிசலைத் தவிர வேறு வழி கிடையாது.

மடத்தில் வேலை நான்கு: அடுப்படி, மாட்டுக்கொட்டில், பரிசல், சந்தை. புதிதாக வருகிறவர்கள் நான்கையும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் காவித்துணி. துணி கைக்கு வந்ததும், யாருக்கு எது நன்றாக வருகிறதோ அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை. தானாகப் பழகிப்போனது.

அடுப்படியில் மாரப்பன். அவன் ரசத்துக்காகவே பசிக்காதவர்களும் பரிசல் ஏறுவார்கள். கொட்டிலில் வெள்ளையம்மாள். பரிசலில் நல்லான். சந்தைக்கு நாச்சிமுத்து.

நாச்சிமுத்து மடத்துக்கு வருவதற்கு முன் மாட்டுத் தரகர். அறுபதை நெருங்குகிறவர். நம்பிய கூட்டாளியிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு, கோபத்தை மட்டும் கையோடு கொண்டுவந்து மடத்தில் சேர்ந்தவர். வாரச் சந்தையில் அவர் தலை தெரிந்தால் காய்க்காரர்கள் தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார்கள்.

குருவின் பெயர் வடிவம்மை. தரகரைவிட இருபது வயது சின்னவர். தரகர் அவரைத் தாயே என்பார். அவர் இவரைத் தரகரே என்பார். இரண்டு பேருக்கும் அதில் குறையில்லை.

அந்த ஐப்பசியில் ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அதே சமயம் பார்த்து நல்லானுக்குக் காய்ச்சல். அக்கரையில் பசியோடு வந்தவர்கள் கைகளை ஆட்டிக் கூப்பிட்டார்கள். இக்கரையில், துடுப்புப் பழகி துணி வாங்கியவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். வடித்த சோறு மாட்டுத் தொட்டிக்குப் போனது.

குரு ஆறு இறங்கும்வரை பொறுத்தார். தை அமாவாசையன்று பூசை முடிந்ததும் கல்மேடையில் உட்கார்ந்தார்.

"நாளையிலிருந்து கை மாறுது. மாரப்பன் கொட்டிலுக்கு. வெள்ளையம்மா சந்தைக்கு. நல்லான் அடுப்படிக்கு. தரகர் பரிசலுக்கு."

நாச்சிமுத்து எழுந்தார்.

"முடியாதுங்க."

"எது முடியாது?"

"எல்லாமுந்தான்."

"பாதி முடியுமா?"

"தாயே, விளையாடாதீங்க. வெள்ளையம்மாவைப் போய்ச் சந்தைக்கு அனுப்பறீங்களே! மாட்டுக்கிட்டக்கூட அதட்டிப் பேசமாட்டா. அவன் சொன்ன விலையைக் குடுத்துட்டு, பாவம் புள்ளைகுட்டிக்காரன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டு வருவா."

"நான் என்ன அழுமூஞ்சியா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"நீ சும்மா இரு. உன்னைக் காப்பாத்தத்தான் தொண்டை கிழியப் பேசறேன்."

"அப்படி ஒண்ணும் நீங்க காப்பாத்த வேண்டாம்."

நாச்சிமுத்து அவளை விட்டுவிட்டுக் குருவின் பக்கம் திரும்பினார்.

"சந்தையை நான் விடமாட்டேன். சொல்லிட்டேன். வீடு போச்சு. தொழில் போச்சு. அங்கே போனா மட்டும் இன்னமும் தரகரு வர்றாருன்னு நாலு பேரு வழி விடறான். அந்தப் பேரு ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். அதையும் மடத்துக்கே குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கணுமா?"

"ஐப்பசியிலே சோறு தொட்டிக்குப் போச்சு" என்றார் குரு.

"அது வெள்ளம்."

"நல்லான் எழுந்து நின்னிருந்தா போயிருப்பான்."

"நல்லான் நல்லான்னு அவனையே சொல்லுங்க. ஏன், எங்களுக்குத் தெரியாதா? பரிசல் தெரியும். அடுப்பு தெரியும். மாடு தெரியும். தெரியாமலா இந்தத் துணியைக் குடுத்தீங்க? தெரிஞ்சதை எதுக்குத் திரும்பத் திரும்பச் செஞ்சு காட்டணும்? நான் என்ன குட்டிக்கரணம் போடற குரங்கா?"

குரு ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"தரகரே, நீங்க நிக்கற இடத்துலேருந்து அக்கரைப் படித்துறை தெரியுமா?"

"தெரியும்." நாச்சிமுத்து திரும்பாமலே சொன்னார். "பக்கத்துல ஒரு புங்கமரம். கீழ்ப்படி ஒண்ணு ஒடைஞ்சு கிடக்கும்."

"திரும்பிப் பாருங்க."

திரும்பினார். திட்டின் ஓரம் முழுக்க நாணல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. அதற்கு மேலே வானம். படித்துறையும் இல்லை, புங்கமரமும் இல்லை.

"வந்த புதுசுல தெரிஞ்சுது" என்றார்.

"இப்போ?"

நாச்சிமுத்து நாணலை முறைத்தார்.

"நாணலை வெட்டினா தெரியும்."

"வெட்டுங்க" என்றார் குரு.

நல்லான் களுக்கென்று சிரித்தான். தரகர் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

விட்டுக் கொடுக்கிற ஆள் இல்லை நாச்சிமுத்து. தோளிலிருந்த துண்டை உருவினார். வலது கை மேல் போட்டு மூடினார். மேடைக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் இருவர் கை. எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் எண்ணிக்கை. சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும் தெரியும், விலை தெரியாது.

"பேசி முடிச்சுக்கலாம் வாங்க தாயே. சந்தையை விட்டு நான் எத்தனைக்கு வெளியே நிக்கணும்? உங்க பேச்சும் கெடக்கூடாது, என் பேரும் கெடக்கூடாது."

கூட்டம் அதிர்ந்துபோனது. குருவிடம் துண்டு போடுவதா! மாரப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "தரகரே, கையை எடுங்க" என்றான்.

"சும்மா இரு மாரப்பா. எங்கப்பன் மாடு விக்கப்போன சந்தைக்கெல்லாம் நானும் போனவதான்" என்றார் குரு. மேடையிலிருந்து குனிந்து துண்டுக்குள் கையை விட்டார்.

நாச்சிமுத்துவின் முகம் இறுகியது. பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை மலிவாக ஒருவர் இறங்கி வருவார் என்று அவர் நினைக்கவில்லை.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாறமாட்டேன். துண்டே சாட்சி."

"படிஞ்சுது!" துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஒண்ணு. ஒரு அமாவாசை. அடுத்த அமாவாசைக்கு நான் சந்தைக்குப் போற பையோட வந்து நிப்பேன்."

குரு எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் நாச்சிமுத்து துடுப்பைக் கையில் எடுத்தார். அக்கரையில் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள். தள்ளினார். பரிசல் சுற்றியது. இன்னும் வேகமாகத் தள்ளினார். இன்னும் வேகமாகச் சுற்றியது.

"தரகரே, பரிசல் ஓட்டறீங்களா, செக்கு ஓட்டறீங்களா?" என்று அக்கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"எண்ணெய் வந்தா எனக்கும் ஒரு கரண்டி!" என்றான் இன்னொருவன்.

"வந்து உன் வாயிலேயே ஊத்தறேன் இருடா!" என்றார் நாச்சிமுத்து. அந்தப் பக்கம் திரும்பிச் சொல்ல நினைத்ததைப் பரிசல் இந்தப் பக்கம் திருப்பிச் சொல்ல வைத்தது.

கடைசியில் படித்துறைக்கு வெகு கீழே, எருமைகள் கிடக்கும் சேற்றில் போய் முட்டி நின்றார். பசித்தவர்கள் அங்கே நடந்துவந்து ஏறினார்கள். அவர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மடத்திலும் நிலைமை நன்றாக இல்லை. நல்லான் வடித்த சோறு மேலே அரிசி, கீழே கரி. மாரப்பன் மடியில் கை வைத்ததும் பசு அவனை உதைத்துத் தள்ளியது. ரசம் எங்கே ரசம் எங்கே என்று சாப்பிட வந்தவர்கள் கேட்டார்கள். ரசம் வைக்கிறவன் கொட்டிலில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம். நான் அப்பவே சொன்னேன் என்று ஆற்றுக்கும் சொன்னார், மீனுக்கும் சொன்னார்.

சந்தைச் செய்தி மட்டும் அவர் எதிர்பார்த்தபடி வரவில்லை. ஒரு நாள் பூசணிக்காய்க்காரன் ஒருவன் மடத்தில் சாப்பிட வந்தான். பரிசலில் அவனை ஏற்றிக்கொண்டு, பாதி ஆற்றில் கேட்டார்.

"எப்படிடா, எங்க வெள்ளையம்மாவை நல்லா மொட்டை அடிக்கறீங்களா?"

"எங்கே தரகரே! அந்தம்மா வாயே தொறக்கறதில்லை. நாங்க விலையைச் சொன்னா, மாட்டைப் பாக்கற மாதிரி அப்படியே நின்னு பாக்குது. கொஞ்ச நேரம் பாத்தா எங்களுக்கே என்னமோ ஆயிப்போயி, கொறைச்சும் குடுத்துட்டு மேல ஒண்ணையும் போட்டுடறோம்."

நாச்சிமுத்து துடுப்பை வலித்தார்.

"என்னைப் பத்தி யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க, கேட்டாங்க" என்றான் பூசணிக்காய்க்காரன். யார் கேட்டார்கள் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு நாணலுக்குள் இறங்கினார். நல்லான் பார்த்துவிட்டு, "குரு சொன்னாங்கன்னு வெட்டறீங்களா?" என்றான்.

"குரு சொன்னதுக்கு இல்லை. நான் படற பாட்டை அவங்க மேடையிலே உக்காந்து கண்ணாலே பாக்கட்டும்னு வெட்டறேன்."

வெட்டித் தள்ளினார். மேடையிலிருந்து பார்த்தால் ஆறு முழுக்கத் தெரிந்தது.

நல்லானுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தான். "பக்கவாட்டுல தள்ளாதீங்க தரகரே. முன்னால மண்டிபோட்டு, குனிஞ்சு, தண்ணியை உங்க பக்கம் இழுங்க" என்றான். "எனக்குத் தெரியும்டா" என்றார் நாச்சிமுத்து. அவன் போனதும் மண்டிபோட்டார். குனிந்தார். இழுத்தார். பரிசல் சுற்றாமல் நகர்ந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

அடுத்த அமாவாசை வந்தது. பூசை முடிந்தது. நாச்சிமுத்து சந்தைப் பையோடு மேடைக்கு முன்னால் நின்றார்.

"ஒண்ணு முடிஞ்சுது தாயே. என் சந்தையைக் குடுங்க."

"இன்னும் முடியலையே" என்றார் குரு.

"என்ன முடியலை? போன அமாவாசை, இந்த அமாவாசை. எண்ணிப் பாருங்க."

"நீங்க அமாவாசைக் கணக்குல ஒண்ணுன்னீங்க. நான் சுத்துக் கணக்குல ஒண்ணுன்னேன். ஒரு சுத்து. பரிசல், அடுப்பு, கொட்டில், அப்புறம் சந்தை."

நாச்சிமுத்துவின் முகம் சிவந்தது.

"இது ஏமாத்து!"

"நான் குடுத்தது ஒரு விரல். நீங்க புடிச்சதும் ஒரு விரல். இதுல ஏமாத்து எங்கே?"

"துண்டுக்குள்ளே ஒண்ணுன்னா ஒண்ணுதான்!"

"மாட்டுச் சந்தையிலே ஒத்தை விரல் குடுத்தா என்ன அர்த்தம், தரகரே?"

"அது மாட்டைப் பொறுத்தது. கன்னுக்குட்டிக்கு ஒண்ணுங்கறது வேற, சோடிக் காளைக்கு ஒண்ணுங்கறது வேற. நூத்துக் கணக்கா ஆயிரக் கணக்கான்னு கையை விடறதுக்கு முன்னாடியே வாய்விட்டு…"

பாதிப் பேச்சில் நின்றுவிட்டார்.

தான் மடத்துக்கு வந்த புதிதில் மாரப்பனை உட்காரவைத்துப் பெருமையோடு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். விரல் எத்தனை என்று மட்டும்தான் சொல்லும், எது என்று வாய்தான் சொல்ல வேண்டும், அதைக் கேட்காமல் துண்டுக்குள் கையை விடுகிறவன் தரகனே இல்லை என்று.

மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துண்டு போட்டு ரொம்ப நாளாச்சா?" குருவின் குரல் தணிந்திருந்தது.

"தக்காளிக்கு எவன் துண்டு போடறான்?" என்றார் நாச்சிமுத்து. குரல் உடைந்தது. உடைந்தது வெளியே கேட்டுவிட்டதே என்று கோபம் இன்னும் ஏறியது.

சந்தைப் பையைக் கீழே போட்டார். போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. இன்னும் ஓரடி முன்னால் வந்தார்.

"சரி. ஏமாந்தேன். என் தொழிலிலேயே ஏமாந்தேன். ஒத்துக்கறேன். அதுக்காக வாயைக் கட்டிக்கிட்டு நிக்கமாட்டேன். ரெண்டு விஷயம் கேக்கறேன், பதில் சொல்லுங்க."

"கேளுங்க."

"கை மாத்தினீங்க. நாலு பேரையும் ஒரே நாள்ல மாத்தினீங்களே, ஏன்? புதுக் காளையை எப்படி ஏருக்குப் பழக்கறோம்? பழைய காளையோட நுகத்துல பூட்டித்தானே? ரெண்டு புதுசை ஒண்ணாப் பூட்டினா ஏரும் ஓடாது, மாடும் உருப்படாது. நீங்க நாலையும் புதுசாப் பூட்டினீங்க. மாரப்பன் உதை வாங்கினான். ஊர் கரிச்சோறு தின்னுச்சு. நான் எருமைச் சேத்துல போய் நின்னேன். ஐப்பசியிலே ஒரு நாள் சோறு தொட்டிக்குப் போச்சுன்னு சொன்னீங்களே, இந்த மாசம் எத்தனை நாள் போச்சுன்னு தொட்டியைக் கேளுங்க."

குருவின் முன்னால் இப்படி யாரும் பேசியதில்லை.

"நியாயந்தான்" என்றார் குரு. "நான் யோசிக்கலை. ரெண்டாவது?"

"முறை எல்லாருக்குந்தானே?"

"எல்லாருக்குந்தான்."

"மேடையிலே உக்காந்து முறை சொல்றதும் ஒரு வேலைதானே?"

"வேலைதான்."

"அந்த வேலை மட்டும் ஏன் கை மாறலை? நீங்களும் இந்த மடத்துல துடுப்புப் பழகி, அடுப்பு ஊதி, துணி வாங்கினவங்கதானே? கடைசியா எப்போ துடுப்பைத் தொட்டீங்க?"

"எனக்குத் துடுப்பு தெரியும்" என்றார் குரு.

சொன்ன பிறகுதான் சொன்ன சொல் அவர் காதில் விழுந்தது.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. எந்த இடத்தில் வாயை மூட வேண்டுமோ அந்த இடத்தில் மூடிக்கொண்டார். அந்தத் தொழில் மட்டும் இன்னும் துருப்பிடிக்கவில்லை.

குரு நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தார். நாணல் இல்லை. படித்துறை தெரிந்தது. புங்கமரம் தெரிந்தது. மரத்தடியில் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

மேடையை விட்டு இறங்கினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"துடுப்பு எங்கே?"

நல்லான் ஓடிவந்தான். "நானும் வர்றேன் தாயே. தரகரு சொன்னாரே, பழைய கையோட…"

"நாளைக்கு வா. தரகரைத் தனியா விட்டேன். முதல் நாள் நானும் தனியாத்தான் போகணும்."

"அப்போ முறையை யார் சொல்றது?" என்றாள் வெள்ளையம்மாள்.

குரு நடந்துகொண்டே நாச்சிமுத்துவைக் காட்டினார். "மேடை காலியாத்தானே இருக்கு. அவர் சொல்லட்டும்."

நாச்சிமுத்து மேடையைப் பார்த்தார். ஏறி உட்காரவில்லை. ஒரு காலை மட்டும் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டு, சந்தையில் நிற்பது போல நின்றார். கீழே அவர் போட்ட பை கிடந்தது. இப்போது அவர் ஒரு சொல் சொன்னால் போதும். தடுக்க யாருமில்லை. பேச்சை மாற்றினார் என்று குருகூடச் சொல்ல முடியாது. முறை சொல்லும் வாய் அவருடையது.

எல்லோரும் அந்தப் பையைத்தான் பார்த்தார்கள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. ரெண்டு தடவை சொல்லமாட்டேன்" என்றார். "இனிமே ஒரே நாள்ல நாலு கையும் மாறாது. ஒரு எடத்துக்குப் புதுக் கை வந்தா, பழைய கை கூட நிக்கணும். அவனுக்குக் கை படிஞ்ச பிறகுதான் அடுத்தவன். வெள்ளக் காலத்துல பரிசலுக்குப் புதுசு கிடையாது. தண்ணி இறங்கி இருக்கும்போதே எல்லாரும் பழகி முடிச்சுடணும். வெள்ளையம்மா, கொட்டில்ல இருக்கற சினைமாடு எப்போ கன்னு போடும்?"

"இந்த மாசத்துக்குள்ளே."

"போடறவரைக்கும் கொட்டில் உனக்கு. அதுகிட்ட கை மாத்தி விளையாடக்கூடாது. மாரப்பா, நீ அடுப்படிக்குப் போ. ஊர் உன்னைத் தேடுது. பரிசலுக்கு நாளையிலிருந்து தாயும் நல்லானும்."

"நீங்க?" என்றான் மாரப்பன்.

"உன்கூட அடுப்படிக்குத்தான். ஒரு சுத்துன்னு பேச்சு. நான் பேச்சை மாத்தினேன்னு எவன் சொல்றது? ஆனா ஒண்ணு, உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு எவனாவது இலையிலே உக்காந்து வாயைத் தொறந்தீங்க, கரண்டி பறக்கும்."

"அப்போ சந்தை?" என்றாள் வெள்ளையம்மாள். அவள் குரல் சின்னதாக இருந்தது.

நாச்சிமுத்து குனிந்து பையை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் தட்டி, பிறகு அவள் பக்கம் வீசினார்.

"வாரத்துல ஒரு நாள்தானே. நீ போயிட்டு வா. அன்னிக்கு மட்டும் மாட்டை நான் பாத்துக்கறேன். பூசணிக்காய்க்காரன் எடையிலே அடிப்பான். கட்டைவிரல் தட்டு மேல இருக்கான்னு பாரு."

"பாத்துட்டேன். முதல் வாரமே எடுத்துட்டான்" என்றாள் வெள்ளையம்மாள்.

"எப்படி?"

"சும்மா அந்த விரலையே பாத்தேன்."

நாச்சிமுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கரையில் சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். நடு ஆற்றில் பரிசல் சுற்றிக்கொண்டிருந்தது. குரு நின்றபடியே பக்கவாட்டில் துடுப்பைப் போட்டார். பரிசல் ஒரு சுற்று. மறுபக்கம் போட்டார். இன்னொரு சுற்று. புடவைத் தலைப்பு நனைந்து தொங்கியது. அக்கரையில் பசியோடு இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். குருவைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

மடத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குரு தவிப்பதை நின்று பார்ப்பது பாவம் என்று மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் தொறடா!" என்றார் நாச்சிமுத்து. "நான் சுத்தினப்போ தொறந்துதானே வெச்சிருந்தே?"

கரைக்கு ஓடினார். வெட்டின நாணல் கட்டைகள் காலில் குத்தின. தண்ணீரின் ஓரத்தில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"தாயே! செக்கா ஓட்டறீங்க? மண்டி போடுங்க! முன்னால குனிஞ்சு இழுங்க!"

பரிசலுக்குள் குரு தடுமாறி மண்டியிட்டார். பரிசல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. குருவின் முகம் அக்கரைப் பக்கம் போய், மெல்லத் திரும்பி, திட்டின் பக்கம் வந்தது. முகமெல்லாம் தண்ணீர். அங்கிருந்தே உரக்கக் கேட்டார்.

"நீங்க நிக்கற இடத்துலேருந்து தெரியுதா, தரகரே?"